கண்ணாடியைக் கழற்றுமுன் தண்ணீரைப் பாருங்கள்

சித்திரை கடந்து காற்று மாறியதும் அறுகம்பேயில் பலகைகளோடு வெளிநாட்டார் இறங்கத் தொடங்குவார்கள். ஐப்பசி வரை மெயின் பொயின்ற், விஸ்கி பொயின்ற், பீநட் ஃபார்ம் எல்லாம் ஆட்களால் நிறைந்திருக்கும். அவர்களில் சிலர் கண்ணுக்குள் கொன்டாக்ட் லென்ஸோடுதான் அலைக்குப் போகிறார்கள். அவர்களோடு கூடி அலை பழகும் உல்லை, பொத்துவில் இளைஞர்களுக்கும் அந்த ஆசை வருவதில் வியப்பில்லை. வடக்கே அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை என்று போனால் லென்ஸுக்கு வேறு முகம். மணப்பெண் அலங்காரத்தில் சாம்பல், தேன், பச்சை என்று கண்ணின் நிறம் மாறுகிறது. கைத்தொலைபேசியில் ஓடர் செய்தால் சோடி வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. ஒலுவில் பல்கலைக்கழக மாணவி ஒருத்திக்கு அதே பொருள் தடித்த கண்ணாடியிலிருந்து கிடைக்கும் விடுதலை. இவர்கள் எல்லோரிடமும் பவர் என்ன, நிறம் என்ன என்று விற்பவர் கேட்பார். எந்தத் தண்ணீரில் முகம் கழுவுகிறீர்கள் என்று கேட்பவரைக் காண்பது அரிது. இந்தக் கரையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதைக் கேட்டுப் பார்த்தால், அம்பாறைக் கரையோரத்தில் பெரும்பாலானோருக்கு மூக்குக் கண்ணாடியே முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. லென்ஸ் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது யாருக்கு, எந்த வகை, யார் கண்காணிப்பில் என்பதைக் கடைக்காரரும் கமெராவும் தீர்மானிக்கக் கூடாது என்கிறேன்.

கருவிழியின் மேல் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும் படலத்துக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக உடல் அதற்கு அந்த வசதியைக் கொடுக்கவில்லை. தனக்கு வேண்டிய ஒட்சிசனின் பெரும்பகுதியைக் கண்ணீர்ப் படையின் வழியே காற்றிலிருந்தே அது எடுத்துக்கொள்கிறது. அதன் மேல் ஒரு லென்ஸ் உட்கார்ந்தால் மூச்சு கொஞ்சம் குறைகிறது. இமைத்து இமைத்துக் கழுவும் கண்ணீரின் ஓட்டமும் தடைப்படுகிறது. லென்ஸோடு உறங்கினால் இரண்டும் சேர்ந்தே மேலும் குறைகின்றன. செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே 1961இல் மென்லென்ஸை உருவாக்கி, 1971இல் அமெரிக்கா அதற்கு அனுமதி வழங்கிய நாள்முதல் இதைச் சரிசெய்யத்தான் தொழில்நுட்பம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒட்சிசனைத் தாராளமாக விடும் சிலிக்கோன் ஹைட்ரோஜெல் வந்தபோது பிரச்சினை தீர்ந்தது என்றே நம்பினார்கள். தீரவில்லை. 1989இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மாநிலங்களில் எடுத்த கணக்கில், பகலில் மட்டும் மென்லென்ஸ் போடும் 10,000 பேரில் ஆண்டுக்குச் சுமார் 4 பேருக்குக் கருவிழியில் கிருமிப்புண் வந்தது; இரவிலும் போடுவோரில் சுமார் 21 பேருக்கு. 2008இல் அவுஸ்திரேலியாவில் எடுத்த கணக்கில் பகல் லென்ஸுக்கு 2 பேர் அளவுக்கு இறங்கியது. ஆனால் புது சிலிக்கோன் லென்ஸோடு உறங்கியவர்களில் 25 பேர். பொருள் மாறியும் உறக்கத்தின் விலை குறையவில்லை. அதே அவுஸ்திரேலிய ஆய்வு, ஆபத்தைக் கூட்டும் காரணிகளில் இணையத்தில் லென்ஸ் வாங்குவதையும் சேர்த்திருந்தது. கண்ணை அளந்து பார்க்கவும் பழக்கிவிடவும் மறுபடி வரச் சொல்லவும் அங்கே ஆள் இல்லை என்பது காரணமாக இருக்கலாம்.

தண்ணீருக்கு வருவோம். அகந்தமீபா என்ற ஒற்றைக் கல உயிரி ஆற்றிலும் குளத்திலும் கிணற்றிலும் குழாய்த் தண்ணீரிலும் கடலிலும் மண்ணிலும் இருக்கிறது. நாம் குடிக்கிறோம், குளிக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. அது கண்ணில் நோய் உண்டாக்கும் என்பதே 1970களில்தான் தெரிய வந்தது. 1980களில் அமெரிக்காவில் லென்ஸ் பாவிப்போரிடம் அந்த நோய் திடீரெனக் கூடியபோது காரணத்தைத் தேடினார்கள். காய்ச்சி வடித்த நீரில் உப்பு மாத்திரையைக் கரைத்து வீட்டிலேயே தயாரித்த திரவம் பல நோயாளிகளின் பழக்கமாக இருந்தது தெரிந்தது. பிரித்தானியாவில் மற்ற நாடுகளைவிட இந்த நோய் அதிகமாக இருந்ததற்கு ஆய்வாளர்கள் சுட்டிய காரணம் நமக்கு மிக நெருக்கமானது: கூரைக்கு அருகில் வைத்த தாங்கியிலிருந்து குளியலறைக் குழாய்க்கு வரும் தண்ணீர். சில நோயாளிகளின் கண்ணிலிருந்த உயிரியும் அவர்கள் வீட்டுக் குழாயிலிருந்த உயிரியும் மரபணுவில் ஒத்திருந்தன. தாங்கியில் தேங்கும் தண்ணீரில் குளோரின் வலுவிழக்கிறது; குளோரினைத் தாங்கும் கூட்டுக்குள் உயிரி ஒடுங்கி இருந்துவிடுகிறது. லென்ஸ் அதைக் கருவிழியோடு ஒட்டவைத்துக் கொடுக்கிறது. நோய் பிடித்துவிட்டால் முதல் நாட்களில் இரவும் பகலும் மணிக்கொரு தடவை மருந்து விட வேண்டும். சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். வலி கண்ணில் தெரியும் புண்ணின் அளவை மீறியதாக இருக்கும். அரிதான நோய்தான். ஆனால் லென்ஸைப் பாவிக்கும் நாடுகளில் இதற்கு ஆளானவர்களில் மிகப் பெரும்பாலானோர் லென்ஸ் பாவித்தவர்களே.

இப்போது கல்முனையிலிருந்து பொத்துவில் வரை ஒரு நாளில் ஒருவர் முகத்தில் படும் தண்ணீரைக் கணக்கிட்டுப் பாருங்கள். மணற்பாங்கான நிலம், நெருக்கமான வளவுகள், கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே வேலிக்குள். குழாய்த் தண்ணீர் வந்த வீடுகளில் மேலே பிளாஸ்டிக் தாங்கி. பள்ளிவாசலில் ஹவுள் என்னும் நீர்த்தொட்டி. களப்பு, ஆற்றுவாய், கடல். அத்தோடு தொழுகைக்கு முன் ஐந்து நேர வுழூ. முகம் கழுவுவது வுழூவில் கடமை; கண்ணின் உட்புறத்தைக் கழுவுவது கடமையில் சேராது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து, நம் ஊர்களில் வழங்கும் ஷாபிஈ மத்ஹபிலும் அப்படியே. ஆகவே வுழூவுக்காக லென்ஸைக் கழற்ற வேண்டியதில்லை. வைத்திய நோக்கிலும் ஈரக் கையால் நாளுக்கு ஐந்து தடவை லென்ஸைக் கழற்றி மாட்டுவது இருப்பதிலேயே மோசமான வழி. ஆனால் கழற்றத் தேவையில்லை என்ற விடை, தண்ணீர் கண்ணுக்குள் போகலாம் என்ற அனுமதியாக மாறிவிடக் கூடாது. இமையை இறுக மூடிக்கொண்டு முகத்தைக் கழுவி, இமையோரத்தை உலர்ந்த சுத்தமான துணியால் ஒற்றிய பிறகே கண்ணைத் திறக்க வேண்டும். குளிக்கும்போது லென்ஸ் கண்ணில் இருக்கவே கூடாது. கடல் உப்பு கிருமியைக் கொன்றுவிடும் என்று கரையோரத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. காலில் பட்ட கீறலைக் கடலில் கழுவும் வழக்கம் அதிலிருந்து வந்தது. கண்ணுக்கு அந்தக் கணக்கு ஓடாது. அகந்தமீபா கடல்நீரிலும் இருக்கிறது. கழிவு கலக்கும் ஆற்றுவாய் அருகே பற்றீரியாவுக்கும் பஞ்சமில்லை.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: பத்தாயிரத்தில் நான்கு பேர் என்பது ஒரு ஆபத்தா? மோட்டார் சைக்கிள் ஓட்டுவதில் இல்லாத ஆபத்தா? நியாயமான கேள்வி. ஆனால் அந்த நான்கு நியூ இங்கிலாந்தின் நான்கு. நம் காலநிலையில் கருவிழிப்புண்ணின் கதையே வேறு. மதுரை மாவட்டத்தில் 1990களில் அரவிந்த் கண் மருத்துவமனையோடு சேர்ந்து எடுத்த கணக்கின்படி ஆண்டுக்கு ஒரு இலட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப்புண் வந்தது, அதாவது 10,000க்கு 11 பேருக்கு மேல். அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு மாவட்டத்தில் அதே அளவுகோலில் கிடைத்த எண் ஒரு இலட்சத்துக்கு 11தான். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு விசித்திரம் தெரியும். லென்ஸை அநேகமாகத் தொட்டே பார்க்காத மதுரை மாவட்டத்தாரின் ஆபத்து, பகலெல்லாம் லென்ஸ் போட்டிருந்த நியூ இங்கிலாந்துக்காரரின் ஆபத்தைவிட அதிகம். நெற்பதர், வைக்கோல், கரும்புச் சோகை, தூசி எல்லாம் கண்ணில் சிறு கீறலை உண்டாக்க, வெப்பத்திலும் ஈரத்திலும் செழிக்கும் பங்கசு அதில் குடியேறுகிறது. அம்பாறை இலங்கையின் நெற்களஞ்சியங்களில் ஒன்று. பெரும்போகமும் சிறுபோகமுமாக ஆண்டில் இரண்டு அறுவடை. அப்படியானால் லென்ஸை ஏன் குறை சொல்கிறீர்கள், குற்றவாளி வயல் அல்லவா என்று கேட்டால், பாதி சரி. வயலில் கண்ணாடி போட்டவருக்கு ஒரு கவசம் கிடைக்கிறது, லென்ஸ் போட்டவருக்குக் கூடுதலாக ஒரு வாசல் திறக்கிறது. மேல்நாட்டு எண்ணை அப்படியே எடுத்து இங்கே ஆறுதல் சொல்ல முடியாமல் போவது அதனால்தான்.

எண்ணைவிடப் பெரிய வித்தியாசம், கண் சிவந்த பிறகு நடப்பதில் இருக்கிறது. லென்ஸ் போட்டவரின் கண்ணில் சூடோமோனாஸ் என்ற பற்றீரியா புகுந்தால் ஓரிரு நாளிலேயே கருவிழியைத் துளைத்துவிடக்கூடிய வேகம் அதற்கு உண்டு. அவுஸ்திரேலியரின் கண் காலையில் சிவந்தால் மாலைக்குள் கண் வைத்தியரிடம் போய்விடும் வாய்ப்பு அதிகம். பொத்துவிலில் சிவந்த கண்ணுக்கு முதலில் கிடைப்பது தாய்ப்பாலோ தேனோ பன்னீரோ; அடுத்து பார்மசியில், போன முறை சுகம் தந்த அதே சொட்டு மருந்து. அந்தச் சொட்டில் ஸ்டீரொயிட் இருந்தால் கண் முதலில் வெளுக்கும், வலி குறையும், கெட்டிக்கார மருந்து என்று பேரும் வாங்கும். உள்ளே பங்கசோ அகந்தமீபாவோ எதிர்ப்பே இல்லாமல் பரவும். ஒரு வாரம் கழித்துக் கல்முனைக்கோ அம்பாறைக்கோ மட்டக்களப்புக்கோ போய், அங்கிருந்து 300 கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலைக்கு அனுப்பப்படும்போது வெள்ளைத் தழும்பு விழுந்திருக்கும். லென்ஸின் விலையைப் பேசுவோர் அதன் சோடி விலையை மட்டுமே பேசுகிறார்கள். அது கெட்டுப்போகும் நாளில் எத்தனை மணிநேரத்துக்குள் கண் வைத்தியரின் பிளவு விளக்குக் கருவி முன் கண்ணை வைக்க முடியும் என்பதும் அந்த விலையில் சேர வேண்டும். கொழும்பு ஏழிலும் பாணமையிலும் ஒரே பெட்டியை ஒரே விலைக்கு வாங்கலாம். வாங்கியது ஒரே பொருள் ஆகாது.

அலைச்சறுக்குக்காரர்கள் கோபிப்பார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு எந்த அலையில் நிற்க முடியும்? முடியாதுதான். ஆனால் அவர்களுக்கு முன்னால் இருப்பது லென்ஸ் அல்லது குருட்டாட்டம் என்ற இரண்டு வழி மட்டுமல்ல. கிட்டப்பார்வை ஒன்று, ஒன்றரை அளவில் இருப்பவர் வெறுங்கண்ணோடே அலையின் வரவைக் கண்டுகொள்வார். நீச்சலுக்குப் பவர் வைத்த கொகிள்ஸ் கிடைக்கிறது. அலையில் அது கழன்றுபோகும் என்பவர்களுக்கு வார் வைத்த வகைகளும் உண்டு. பவர் அதிகமாகி, லென்ஸ் இல்லாமல் கற்களும் ஆட்களும் தெரியாது என்ற நிலையிலிருப்பவர், குறிப்பாக மற்றவருக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பில் இருப்பவர், ஒரு நாளுக்கு ஒன்று என்று போட்டு எறியும் லென்ஸைப் போடட்டும். கரை ஏறி, நல்ல தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி உலர்த்திக் கழற்றி, அங்கேயே எறிந்துவிடட்டும். பின்னேர அலைக்கு அதையே திரும்ப மாட்டுவதற்கு என்ன நியாயம் சொன்னாலும் அது சிக்கனம் ஆகாது. வெயிலையும் இங்கே சொல்ல வேண்டும். வெண்விழியிலிருந்து கருவிழிக்குள் சதை வளர்வதை ஆங்கிலத்தில் சேர்ஃபர் கண் என்றே அழைக்கிறார்கள். நம் மீனவரில் பலருக்கு அது உண்டு, பலகையைத் தொட்டிராதவர்களுக்கும். சூரியனின் புற ஊதாக் கதிர் அதற்கு முக்கிய காரணம். கதிரைத் தடுக்கும் லென்ஸ் என்று விற்கப்படுபவை கருவிழியையும் அதன் ஓரத்தையும் மட்டுமே மூடும். வெண்விழி வெயிலில்தான் கிடக்கும். கறுப்புக் கண்ணாடியும் அகன்ற தொப்பியும் போடும் வேலையை அவை செய்யாது.

அடுத்த எதிர்ப்பு இதைவிடக் கனமானது, ஏனென்றால் அதில் கண்ணைவிட வாழ்க்கை அதிகம் இருக்கிறது. கண்ணாடி போட்ட பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைவது கஷ்டம் என்று இன்றும் சொல்கிறார்கள். பெண் பார்க்க வரும் நாளில் கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொல்லும் தாய்மார் மகளின் மீது வன்மம் கொண்டவர்களல்லர். சந்தையின் விதியை அறிந்தவர்கள். அப்படியான வீட்டில் லென்ஸ் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த ஆயுதம், அதைப் பறிக்காதீர்கள் என்று ஒருவர் சொன்னால் நான் தயங்குவேன். ஆனால் அந்தப் பெண் அதை எப்படிப் பெறுகிறாள்? பெரும்பாலும் மறைவாக. கண் அளக்கப்படாமல், வளைவு பார்க்கப்படாமல், படுக்கும்போது கழற்ற இடமில்லாமல், கண் சிவந்தால் சொல்ல ஆளில்லாமல். மறைத்துப் பாவிக்கும் லென்ஸைப் போல ஆபத்தான லென்ஸ் வேறில்லை. பிள்ளைக்குக் கண்ணாடி தேவை என்று பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் கண்டுபிடித்துச் சொன்ன பிறகும் அதை வாங்காமல் விடும் வீடுகளில் பாதிப்பு பிள்ளைக்கே. வெள்ளிக்கிழமைக் குத்பாவிலும், பாடசாலைப் பெற்றோர் கூட்டத்திலும் கண்ணாடி ஒரு குறையல்ல என்று நாலு பேர் வாய் திறந்து சொல்வது, எந்த லென்ஸ் கம்பனியின் விளம்பரத்தைவிடவும் அந்தப் பிள்ளைக்கு உதவும்.

மணப்பெண்ணின் நிற லென்ஸுக்கு இந்தத் தயக்கம்கூட எனக்கில்லை. பார்வையைத் திருத்தாத ஒரு பொருளைக் கருவிழியில் ஒட்டி, மணித்தியாலக்கணக்கில் விளக்கு வெளிச்சத்திலும் பவுடர்த் தூளிலும் வைத்திருந்து, முகச்சாயம் கலைக்கும் கையாலேயே கழற்றுவது. சில அழகு நிலையங்களில் ஒரே சோடி பலருடைய கண்களுக்குப் போகிறது என்றால் அதைக் குற்றம் என்றே சொல்ல வேண்டும். நிறப்பூச்சு லென்ஸின் மேற்பரப்பைக் கரடுமுரடாக்கிக் கிருமி ஒட்ட இடம் கொடுக்கலாம். பவர் இல்லாத அலங்கார லென்ஸும் மருத்துவ சாதனமே, வைத்தியச் சீட்டு இல்லாமல் விற்க முடியாது என்று அமெரிக்கா 2005இலேயே சட்டம் இயற்றியது. நம் நாட்டில் மருத்துவ சாதனங்களையும் கவனிக்கும் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அலங்கார மேசையில் ஒரு முறையாவது அதைப் பார்க்க விரும்புகிறேன்.

லென்ஸ் உண்மையிலேயே யாருக்கு அவசியம் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பயமுறுத்தலில் அவர்களும் விலகிவிடக் கூடாது. கருவிழி கூம்பாகக் குவிந்து வரும் நோய் முற்றிய இளைஞருக்குக் கண்ணாடி போதிய தெளிவு தராது. வன்லென்ஸ் போட்டால்தான் எழுத்து எழுத்தாகத் தெரியும். அலர்ஜியால் கண்ணை ஓயாமல் தேய்க்கும் பிள்ளைகளில் இந்த நோய் வர வாய்ப்பு அதிகம் என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். இரு கண்களுக்கும் பவர் வித்தியாசம் மிகப் பெரிதாக இருப்பவர்கள், பிறவிப் புரை எடுத்த குழந்தைகள், கண்ணாடியில் உலகமே சிறுத்துத் தெரியும் அளவுக்குக் கிட்டப்பார்வை உள்ளவர்கள் ஆகியோருக்கும் லென்ஸ் ஆடம்பரமல்ல. இவர்களுக்கு அரச கண் கிளினிக்கில் லென்ஸ் பொருத்தும் வசதி வேண்டும் என்று கேட்பது நியாயம். காற்றை உள்ளே விடும் வன்லென்ஸுக்கு மேலே சொன்ன அவுஸ்திரேலியக் கணக்கில் ஆபத்து 10,000க்கு சுமார் 1 மட்டுமே என்பதும் நினைவில் இருக்கட்டும். பழக முதலில் உறுத்தும்; அதனாலேயே கடைகளில் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

மாதம் முழுக்கப் பாவிக்கும் லென்ஸா, நாளுக்கொன்றா? கைக்கணக்கில் மாத லென்ஸ் மலிவு. அதோடு திரவம், பெட்டி, இரண்டையும் சுத்தமாக வைக்கும் ஒழுங்கு ஆகியவற்றைச் சேர்த்தால் வித்தியாசம் சுருங்கும். 2005, 2006இல் சிங்கப்பூர், ஹொங்கொங், அமெரிக்கா என்று லென்ஸ்காரர்களிடம் ஃபியூசேரியம் பங்கசுப் புண் பரவியபோது, போஷ் அண்ட் லோம்பின் ஒரு திரவம் 2006 மே மாதத்தில் உலகெங்கும் மீளப் பெறப்பட்டது. பெயர்பெற்ற கம்பனியின் சீல் உடைக்காத போத்தல்கூட முழு உத்தரவாதமல்ல என்பது ஒரு பாடம். மற்றது, பெட்டியில் கிடந்த நேற்றைய திரவத்தின் மேலேயே இன்று கொஞ்சம் ஊற்றி நிரப்பும் பழக்கம் ஆபத்தைக் கூட்டுகிறது என்பதும் அந்த விசாரணைகளில் வெளிவந்தது. பழைய சோற்றின் மேல் புதுச் சோற்றைக் கொட்டி வைத்தால் எது கெடும் என்று சமையல் தெரிந்த யாருக்கும் தெரியும். நாளுக்கொன்று போட்டு எறியும் லென்ஸால் பற்றீரியாத் தொற்றின் எண்ணிக்கை குறைந்துவிடுவதில்லை என்று அவுஸ்திரேலிய ஆய்வு நேர்மையாகச் சொல்கிறது. ஆனால் வந்த புண்ணால் பார்வை போவது குறைகிறது. அகந்தமீபாவிலோ வித்தியாசம் பெரிது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் வைத்தியசாலையோடு சேர்ந்து செய்து 2022இல் வெளியான ஆய்வில், திரும்பத் திரும்பப் பாவிக்கும் லென்ஸ்காரருக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு நாளுக்கொன்று போடுவோரைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. எறிய வேண்டியதை எறியாமல் மறுநாளும் போடுபவர் அந்தப் பாதுகாப்பை இழந்துவிடுகிறார். வாங்கினால் எறியக் கட்டுபடியாகாது என்பவருக்கு என் பதில் கடுமையாகத் தோன்றலாம்: அப்படியானால் லென்ஸே கட்டுபடியாகவில்லை.

லேசிக் என்ற லேசர் சத்திரசிகிச்சையைச் செய்துவிட்டால் இந்தத் தலையிடி எதுவும் இல்லையே என்பது இப்போது அடிக்கடி கேட்கும் வாதம். அந்த லேசர் கண்ணுக்கு வந்த வழியில் ஒரு தமிழ்நாட்டுக்காரர் நிற்கிறார். மதராஸில் 1929இல் பிறந்த ரங்கசாமி ஸ்ரீநிவாசன், அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுகூடத்தில் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோரோடு 1981இல் எக்ஸைமர் லேசரை விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியில் பாய்ச்சிப் பார்த்தார். சுற்றியுள்ள பகுதி கருகாமல், கத்தியும் வெட்டாத நேர்த்தியில் அது வெட்டியது. அந்த அறிவியலை வியக்கிறேன். ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தும் விடை அல்ல. பவர் நிலைபெற்றிருக்க வேண்டும். கருவிழி போதிய தடிப்போடு இருக்க வேண்டும். கூம்பு நோயின் சாயல் இருந்தால் செய்யவே கூடாது. சிலருக்குக் கண் வறட்சி நீடிக்கிறது. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்துக் கண்ணாடி எப்படியும் வரும். அத்தோடு கொழும்பில் தனியார் கட்டணம் கொடுக்க வேண்டும். கடலில் வாழ்நாளைக் கழிக்கப் போகிற, பவர் நின்றுவிட்ட இருபத்தைந்து வயதுக்காரர், பணமும் இருந்தால், லென்ஸை ஆண்டுக்கணக்கில் போடுவதைவிட இதை யோசிப்பது அறிவுடைமை என்பேன். பதினெட்டு வயதுப் பிள்ளைக்குக் கலியாணத்துக்கு முன் அவசர அவசரமாகச் செய்விப்பதை அப்படிச் சொல்ல மாட்டேன்.

கண்ணாடியை ஏதோ ஏழையின் சமாதானம் என்று நினைக்க வேண்டியதில்லை. 2018இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அசாமின் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயதைக் கடந்த தொழிலாளருக்குக் கிட்டத்தில் பார்க்கும் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். பறித்த கொழுந்தின் அளவு, கண்ணாடி கிடைக்காதவர்களைவிட 21.7 சதவீதம் அதிகமாகக் கூடியது. பங்களாதேஷில் 2024இல் வெளியான ஆய்வில் அதே மாதிரியான கண்ணாடியால் வருமானம் 33 சதவீதம் உயர்ந்தது. நம் கரையில் மருதமுனைக் கைத்தறியில் இழை இழையாகப் பார்த்து நெய்யும் நாற்பத்தைந்து வயதுத் தாய்க்கும், வலை பொத்தும் மீனவருக்கும், குர்ஆனை முன்னால் விரித்து எழுத்துத் தெரியவில்லை என்று கையை நீட்டி நீட்டிப் பார்க்கும் முதியவருக்கும் தேவை அதுதான். உலக சுகாதார நிறுவனம் 2019இல் பார்வைக் குறைபாட்டுடன் 220 கோடிப் பேர் இருப்பதாகச் சொன்னது. அதில் குறைந்தது 100 கோடிப் பேருடையது தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது. அந்தக் கூட்டத்தில் பெரும்பங்கினர், மலிவான ஒரு சோடிக் கண்ணாடி எட்டாமல் இருப்பவர்கள். கண்ணைப் பற்றிப் பேசும் நேரமும் காசும் இந்தக் கரையில் நிற லென்ஸுக்கும் லேசருக்கும் போய், வெள்ளெழுத்துக் கண்ணாடிக்கு மிஞ்சாமல் போவதுதான் எனக்கு உறுத்துகிறது.

கண் தானச் சங்கம் 1961இல் டொக்டர் ஹட்சன் சில்வாவால் தொடங்கப்பட்டு, 1964 முதல் வெளிநாடுகளுக்குக் கருவிழிகளை அனுப்பிவரும் நாடு இது. தழும்பு விழுந்தால் மாற்றிவிடலாம் என்ற துணிச்சல் அதனால் சிலருக்கு இருக்கலாம். கிருமி தின்றுகொண்டிருக்கும் கண்ணில் வைக்கும் கருவிழி நிலைப்பது கடினம்; நிலைத்தாலும் உடல் அதை மறுதலிக்கும் அபாயம் நெடுங்காலம் தொடரும். ஆகவே முதல் இரண்டு நாளில்தான் எல்லாம் இருக்கிறது. பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை ஆதார வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவில் ஒரே ஒரு விதி போதும்: லென்ஸ் போட்டவர் வலியோடு சிவந்த கண்ணோடு வந்தால் ஸ்டீரொயிட் இல்லை, கண்ணைக் கட்டுப்போட்டு மூடுவது இல்லை, அன்றே கண் வைத்திய நிபுணரிடம் அனுப்புவது. பார்மசிக்காரர் செய்ய வேண்டியது அதைவிட எளிது. ஸ்டீரொயிட் சொட்டைச் சீட்டில்லாமல் எடுத்துக் கொடுக்காமல் இருப்பது. பருவ காலத்தில் அறுகம்பே விடுதிகள் வெளிநாட்டாருக்காகச் சுவரில் ஒட்டும் தாளில் அலையின் பெயர்களோடு இதையும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்கலாம். லென்ஸ்காரர் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. கண் நோகத் தொடங்கியதும் லென்ஸைக் கழற்றுங்கள், திரும்ப மாட்டாதீர்கள், ஆனால் எறிந்துவிடாதீர்கள். அந்த லென்ஸையும் அதன் பெட்டியையும் திரவப் போத்தலையும் ஒரு பையில் போட்டுக் கையோடு வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கண்ணிலிருந்து சுரண்டி எடுத்ததில் கிருமி பிடிபடாமல் போகும் நேரங்களில், எந்த மருந்தைத் தொடங்குவது என்பதை ஆய்வுகூடம் பெட்டியில் கிடக்கும் அந்த அழுக்குத் திரவத்திலிருந்து கண்டுபிடிக்க முடியும்.